பெட்டியில பேர் இருக்கிற மனுசன்

இந்தமுறை கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பிளேன்டீ ஒண்டை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ. கன நாளா மனசில கிடந்த விசயம், சிட் மையர் எண்ட கேம் டிசைனரைப் பற்றி. சிவிலைசேஷன் எண்ட, ஒரு நாகரிகத்தை ஆதிகாலத்தில இருந்து கட்டி வளக்கிற கொம்பியூட்டர் கேமை விளையாடின ஆக்களுக்கு பேர் தெரிஞ்சிருக்கும், ஏன் எண்டா கேமின்ர முழுப்பேரே "சிட் மையர்ஸ் சிவிலைசேஷன்" எண்டுதான். ஆனா அந்தாள் ஆர், என்ன செய்தவர் எண்டு கேட்டா எங்கட பொடியளுக்குத் தெரியாது. அண்டைக்கு கடைக்கு லப்டொப் திருத்த வந்த ஏலெவல் முடிச்ச தம்பி ஒருத்தன், "அண்ணை அது கொம்பனிட பேர்தானே" எண்டு கேட்டான்.

கொம்பனி இல்லை, மனுசன்தான். 1954-ல கனடாவில சார்னியா எண்ட இடத்தில பிறந்து, அமெரிக்காவில டிட்ரொய்ட்டில வளர்ந்து, மிச்சிகன் யூனிவர்சிட்டியில படிச்சவர். படிச்சு முடிச்சு நேர கேம் செய்யப் போகேல்ல. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் எண்ட கொம்பனியில, பெரிய கடையளில காசு வாங்கிற கேஷ் ரெஜிஸ்டர் இருக்கெல்லோ, அதுக்கு சிஸ்டம் செய்யிற வேலை. பகல் முழுக்க கடைக்கணக்கு, இரவில வீட்டில அட்டாரி 800 கொம்பியூட்டரில கேம் எழுதுறது. இதை ஏன் சொல்லுறன் எண்டா, என்னட்ட "கேம் டிசைனர் ஆகிறதுக்கு என்ன கோர்ஸ் படிக்கோணும், எவ்வளவு காசு" எண்டு கேக்கிற பொடியள் கன பேர், அதுக்குள்ள இரவில ஒரு சின்ன கேம் எண்டாலும் எழுதிப் பாத்தவன் ஒருத்தனைக் கூட நான் இன்னும் காணேல்ல. சரி விடுவம், அது வேற கதை.

1982. அதே கொம்பனியில வேலை செய்த பில் ஸ்டீலி எண்டவரும் மையரும் ஒரு கூட்டத்துக்கு லாஸ் வேகாஸ் போகினம். ஸ்டீலி அமெரிக்க விமானப்படை பைலட். ஹோட்டலில இருந்த, காசு போட்டு விளையாடுற ஆர்கேட் மெசினில ரெட் பாரன் எண்ட பிளேன் சண்டை கேம், ஸ்டீலி விளையாடி நல்ல ஸ்கோர் எடுத்திட்டு, நான் பைலட், இவர் என்ன செய்யப்போறார் எண்டு நிண்டிருக்கிறார். பிறகு மையர் இருந்து விளையாடி அந்த ஸ்கோரைத் தாண்டிப் போட்டார். பைலட்டுக்கு வந்த கடுப்பை யோசிச்சுப் பாருங்கோ. எப்பிடி எண்டு கேட்டதுக்கு மையர் சொன்னது, எதிரி பிளேன் ஒவ்வொருக்காலும் ஒரே மாதிரித்தான் வருது, நீங்க விளையாடேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான், இதை விட நல்லதா என்னால ஒண்டு செய்யலாம் எண்டு. செய்தா நான் வித்துத் தாறன் எண்டு ஸ்டீலி சொல்ல, அந்தக் கதையில தொடங்கினதுதான் மைக்ரோப்ரோஸ் எண்ட கேம் கொம்பனி.

ஸ்டீலி வித்த விதம் இருக்கே, அதை எங்கட மார்க்கெட் ஆக்கள் கேட்டால் கும்பிடுவினம். கொம்பியூட்டர் கடையளுக்கு போன் எடுத்து, ஆரோ வாடிக்கையாளர் மாதிரி தங்கட கேமின்ர பேரைச் சொல்லி "ஹெல்கட் ஏஸ் இருக்கோ" எண்டு கேப்பாராம், இல்லை எண்டா "என்ன கடை இது" எண்டு ஏசிப்போட்டு வைப்பாராம். வேற குரலில திரும்பவும் எடுப்பாராம். கொஞ்ச நாள் கழிச்சு மைக்ரோப்ரோஸ் பிரதிநிதி எண்டு சொல்லி எடுத்தா, கடைக்காரன் தானே ஓடர் குடுப்பான். மையரால சாகும்வரைக்கும் இப்பிடி ஒரு போன் எடுத்திருக்கேலாது, அந்தாள் அவ்வளவு கூச்ச சுபாவம். கெட்டித்தனம் உள்ளவன் தனிய முன்னுக்கு வாறான் எண்டு சொல்லுற கதையளை நான் நம்பிறேல்ல, அதுக்கு இதும் ஒரு காரணம். ஸ்டீலி இல்லாட்டி மையர் இண்டைக்கும் கேஷ் ரெஜிஸ்டர் செய்துகொண்டு இருந்திருப்பார்.

அதுக்குப் பிறகு வரிசையா பிளேனும் சப்மரீனும்தான். எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள், 1985-ல சைலன்ட் சர்வீஸ், பிறகு 1988-ல எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர். இந்தக் கடைசிக் கேம் நல்ல பகிடி. அமெரிக்கா ரேடாரில படாத பிளேன் ஒண்டு ரகசியமா வச்சிருக்கு எண்டு எல்லாரும் கதைச்ச காலம், அது எப்பிடி இருக்கும் எண்டு ஆருக்கும் தெரியாது, இவை தாங்களா ஊகிச்சு ஒரு பிளேனைக் கீறி விட்டினம். அதே வருசம் நவம்பரில உண்மையான பிளேன் படத்தை அரசாங்கம் வெளியில விட்டுது, பேர் எஃப்-117, பாத்தா இவை கீறினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கேம் எண்டாலும் நல்லா வித்துது.

அந்த எஃப்-19 வர முந்தியே, பிளேன் கேம் வித்து காசு வந்துகொண்டு இருக்கேக்க, மையர் ஸ்டீலியிட்டப் போய் நான் இப்ப கடற்கொள்ளைக்காரர் கேம் செய்யப்போறன் எண்டிருக்கிறார். ஸ்டீலிக்கு விசர். பிளேன் வாங்கிற சனம் கப்பலை வாங்குமோ? கடைசியில ஸ்டீலி பிடிச்ச வழிதான், பெட்டியில மையர்ட பேரைப் போடுறது, அந்தப் பிளேன் கேம் செய்த ஆள்தான் இதையும் செய்தவர் எண்டு சனம் கண்டுபிடிச்சு வாங்கட்டும் எண்டு. ஒரு விருந்தில பகிடி நடிகர் ராபின் வில்லியம்ஸ்தான் ஸ்டீலிக்கு இந்த யோசனையைச் சொன்னவர் எண்டும் ஒரு கதை இருக்கு, ஸ்டீலியே சொல்லுற கதை. எப்பிடியோ, 1987-ல "சிட் மையர்ஸ் பைரேட்ஸ்" வந்துது. வித்துப்போகாது எண்ட பயத்தில வச்ச பேர், பிறகு வந்த கேமுகளிலயும் அப்பிடியே ஒட்டிப்போச்சு.

பைரேட்ஸ் பற்றி நான் கொஞ்சம் கூடக் கதைக்கத்தான் வேணும், திருமலைக்காரன், அதாவது திருகோணமலைக்காரன் எண்டபடியால். நான் விளையாடினது 2004-ல வந்த புதுப் பதிப்பு. கரீபியன் கடல், ஸ்பானியன் இங்கிலீசுக்காரன் பிரெஞ்சுக்காரன் ஒல்லாந்தன் எண்டு நாலு பேரும் ஊருகளைப் பங்கு போட்டு வச்சிருக்கிறான், நீங்க ஒரு ஊரைப் பிடிச்சா ஆருக்குக் குடுக்கிறது எண்டு நீங்கதான் முடிவெடுக்கிறது. எனக்கு முதல்தரம் விளையாடேக்கயே சிரிப்பு வந்திட்டுது, ஏன் எண்டா இது எங்கட ஊர்ச் சரித்திரம். 1620-களில போர்த்துக்கேயன் கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினான், 1639-ல ஒல்லாந்தன் பிடிச்சான். 1782 ஜனவரியில இங்கிலீசுக்காரன் வந்து பிடிச்சான், அதே வருசம் ஆகஸ்டில சஃப்ரென் எண்ட பிரெஞ்சு அட்மிரல் வந்து அவனைக் கலைச்சான், பிறகு சமாதானம் பேசி ஒல்லாந்தனுக்கே திருப்பிக் குடுத்தினம், 1795-ல திரும்ப இங்கிலீசுக்காரன். ஒரே வருசத்தில ஒரு கோட்டை ரெண்டு தரம் கைமாறினது. கேமில இப்பிடி நடந்தா இது ஓவர் எண்டு சொல்லுவம். இண்டைக்கு பிரெட்ரிக் கோட்டை எண்டு சொல்லுற அந்தக் கோட்டை வாசலுக்குள்ளால போறவை மானுக்கு வாழைப்பழம் குடுத்து போட்டோ எடுக்கிறதோட சரி.

அதில எனக்குப் பிடிச்ச இன்னொண்டு காத்து. கரீபியனில காத்து கூடுதலா கிழக்கில இருந்துதான் வீசும், அதால மேற்க போறது ஒரு இழுவையில போகலாம், கிழக்க திரும்பி வாறது எண்டா கப்பலை அங்கயும் இஞ்சயும் வெட்டி வெட்டி வரோணும், நாள்க்கணக்கில கடலில கிடக்கோணும், சாப்பாடு முடிஞ்சு ஆக்கள் முறுகத் தொடங்குவினம். மேப்பில பக்கத்தில தெரியிற ஊர் உண்மையில தூரம். வாடைக்காத்தும் சோழகக்காத்தும் பாத்துக் கடலுக்குப் போற எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, என்ர சின்னையா அந்தக் கேமை பின்னுக்கு நிண்டு பாத்திட்டு "உவன் கடல் தெரிஞ்சவன்டா" எண்டார். மையர் காத்தைப் பற்றி ஒரு வரி பாடம் எடுக்கேல்ல பாருங்கோ, திரும்பி வரேக்க நீங்களே படிப்பீங்கள். அதோட உங்கட கப்டனுக்கு வயசும் போகும். வயசு போகப் போக வாள்ச்சண்டையில கை மெதுவாகும், எப்ப போதும் எண்டு நிப்பாட்டுறது எண்டதும் உங்கட முடிவுதான். 1987-ல வேற எந்தக் கேமில ஹீரோவுக்கு வயசு போனது?

மையர் சொன்ன ஒரு வசனம் எல்லா இடமும் சுத்தும், நல்ல கேம் எண்டது சுவாரசியமான முடிவுகளின்ர தொடர் எண்டு. அதை போஸ்டர் மாதிரிப் பகிருற ஆக்கள் எனக்கு எரிச்சல், ஆனா பைரேட்ஸ் விளையாடினா அந்தாள் என்ன சொல்லுறார் எண்டு விளங்கும்.

இனி சிவிலைசேஷன். 1990-ல மையரும் புரூஸ் ஷெல்லியும் ரெயில்ரோட் டைக்கூன் எண்ட ரெயில் கேமை முடிச்சிட்டினம். ஷெல்லி போர்ட் கேம் உலகத்தில இருந்து வந்தவர். 1990 மே மாசம் மையர் ஒரு அஞ்சேகால் இஞ்ச் ஃபுளொப்பியை ஷெல்லியிட்ட நீட்டுறார், இதைப் போட்டுப் பார் எண்டு. ஃபுளொப்பி காணாத ஆக்களுக்கு: கறுப்பு, மட்டை மாதிரி வளையும், நடுவில ஓட்டை, ஒரு போட்டோ கூட இண்டைக்கு அதுக்குள்ள ஒழுங்கா அடங்காது. உலக சரித்திரம் முழுக்க அதுக்குள்ள. முதலில அது சிம்சிற்றி மாதிரி நேரம் தன்பாட்டில ஓடுற கேமா இருந்தது, சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் கூட எண்டு மையருக்கே பிடிக்கேல்ல, முறை வச்சு விளையாடுறதா மாத்தினார். அதுக்குப் பிறகு ரெண்டு பேருக்கும் ஒரு ஒழுங்கு வந்திட்டுது: ஷெல்லி விளையாடுவார், காலமை வந்து இது சரி இது அலுப்பு எண்டு சொல்லுவார், மையர் உடன புரோகிராமை மாத்தி புதுசு ஒண்டு குடுப்பார், திரும்ப விளையாடுவார். மாசக்கணக்கா அந்த ரெண்டு பேரைத் தவிர கொம்பனிக்குள்ள வேற ஒருத்தருக்கும் காட்டேல்ல. பெரிய மீட்டிங், ஸ்லைட், ஒண்டும் இல்லை.

வெட்டுறதுக்கு அந்தாளுக்குக் கை கூசாது. கேம் வெளியில வர ஒரு மாசம் கூட இல்லாத நேரத்தில உலக மேப்பின்ர அளவைப் பாதியாக்கினவர். அவற்ற விதி, ஒண்டு சரியில்லை எண்டா பத்து வீதம் பத்து வீதமா கூட்டிக் குறைச்சுக் கொண்டிருக்காத, இரட்டிப்பாக்கு இல்லாட்டிப் பாதியாக்கு, அப்பதான் எந்தப் பக்கம் போகோணும் எண்டு உடன தெரியும். நான் வேலையில எத்தினையோ இடத்தில பாவிச்சுப் பாத்திருக்கிறன், உண்மையா வேலை செய்யுது.

இன்னொண்டும் வெட்டினார், எனக்கு அதுதான் பெரிய விசயம். சரித்திரத்தில எல்லா ராச்சியமும் எழும்பும், விழும், பிறகு எழும்பும். அப்பிடியே கேமில வைப்பம் எண்டு நினைச்சிருக்கிறார். ஆனா விளையாடுறவன் விழத் தொடங்கின உடன என்ன செய்யிறான் எண்டா, பழைய சேவ் பைலைத் திறந்து விழ முந்தின இடத்தில இருந்து திரும்ப விளையாடுறான். ஒருத்தனும் விழுந்து எழும்புற பகுதியைப் பாக்கிறதே இல்லை. அப்ப அதை வச்சு என்ன பிரயோசனம், விழுகையைத் தூக்கிப்போட்டு எழும்புறதை மட்டும் வச்சார். அதான் சிவிலைசேஷனில எப்பவும் முன்னுக்குத்தான். எங்களுக்கு 1983 கலவரமும் 1990 சண்டையும் தாண்டி 2004 சுனாமிக் கடல் வந்து அடிச்ச பிறகும் லோட் பட்டன் இருக்கேல்ல, அதாலயோ என்னவோ இந்தக் கேம் எங்கட வயசு ஆக்களுக்கு இவ்வளவு பிடிச்சது. 2022-ல அட்டவணை போட்டு கரண்ட் வெட்டின நேரம் நான் விளையாடினது இது ஒண்டுதான். சண்டை கேம் எண்டா கரண்ட் போன உடன சரி, இதில முறைக்கு முறை தானா சேவ் ஆகும், யூபிஎஸ் கத்தத் தொடங்கினா ஆறுதலா எழும்பிப் போகலாம்.

1991 செப்டெம்பரில சிவிலைசேஷன் வந்துது. கொம்பனி பெரிசா விளம்பரம் செய்யேல்ல, வாய்க்கு வாய் பரவினதுதான். இதுக்குள்ள ஒரு கூத்து, அந்த நேரம் மையர் மைக்ரோப்ரோஸ்ட பங்காளியே இல்லை. ஸ்டீலிக்கு ஆர்கேட் மெசின் செய்து பெரிய கொம்பனியா வரோணும் எண்டு ஆசை, மையருக்கு அதில விருப்பமில்லை, தன்ர பங்கை ஸ்டீலிக்கே வித்துப்போட்டு, அதே மேசையில இருந்து ஒப்பந்தக்காரரா கேம் செய்துகொண்டு இருந்திருக்கிறார். வெளியில சனத்துக்குத் தெரியாது. கொம்பனி பங்குச் சந்தைக்குப் போனது, ஆர்கேட்டில காசு போனது, 1993-ல வேற கொம்பனியோட சேந்தது, எல்லாம் நடக்கேக்க அந்தாள் கோட் எழுதிக்கொண்டு இருந்தார். எனக்கு அவரில பிடிச்சதே இதுதான். நாப்பது வருசமா மனேஜர் கதிரைக்கு ஏறாமல் கீபோர்டிலயே இருந்தது. எங்கட ஊரில ஒருத்தன் கெட்டிக்காரன் எண்டு தெரிஞ்சா உடன அவனை மேல தூக்கி வச்சிடுவம், பிறகு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை, மேல போனவனுக்கு அங்க வேலையும் இல்லை.

எல்லாம் வெற்றி எண்டும் இல்லை. சிவிலைசேஷன் செய்து உச்சத்தில நிக்கேக்க அடுத்து செய்தது என்ன தெரியுமோ, பாக் எண்ட செருமன் இசைக்காரர் மாதிரி கொம்பியூட்டரே இசை அமைக்கிற ஒரு சாமான், பேர் சி.பி.யூ. பாக், 1994. அதையும் விட்டது 3டிஓ எண்ட, ஆரும் வாங்காத மெசினில. விக்கேல்ல. 1996-ல ஜெஃப் பிரிக்ஸ், பிரையன் ரெய்னோல்ட்ஸ் ரெண்டு பேரோட சேந்து ஃபிராக்சிஸ் எண்ட புதுக் கொம்பனியைத் தொடங்கி, கெட்டிஸ்பேர்க் எண்ட போர் கேம் செய்தார், பிறகு டைனோசர் கேம் ஒண்டு செய்யிறன் எண்டு அறிவிச்சுப்போட்டு அதோட மல்லுக்கட்டினார். முறை வச்சு விளையாடுற மாதிரி, நேரம் ஓடுற மாதிரி, காட்ஸ் விளையாட்டு (சீட்டு) மாதிரி எண்டு எல்லாம் மாத்தி மாத்திப் பாத்து ஒண்டும் சரிவரேல்ல, கடைசியில விட்டிட்டு, 2002-ல கோல்ஃப் மைதானம் கட்டுற சிம்கோல்ஃப் எண்ட கேமைக் கொண்டு வந்தார். டைனோசரை எதிர்பாத்தவனுக்கு கோல்ஃப்.

2010-ல கேம் செய்யிற ஆக்கள்ட மாநாட்டில அந்தாள் ஒரு பேச்சுப் பேசினவர், அதில சொன்ன கணக்கை நான் இன்னும் ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறன். சிவிலைசேஷன் ரெவொலூஷன் கேமில சண்டைக்கு முதல் ரெண்டு பக்க பலமும் காட்டும். மூண்டுக்கு ஒண்டு எண்டு இருந்தா, நாலு தரத்தில ஒருதரம் நீங்க தோப்பீங்கள், கணக்கு அப்பிடித்தான். ஆனா விளையாடினவன் தோத்த உடன கேம் பிழை எண்டு சண்டைக்கு வந்தான். அதே நேரம் எதிரிக்கு மூண்டு தனக்கு ஒண்டு எண்டு இருந்து தான் வெண்டா, அது தன்ர கெட்டித்தனம், ஒரு முறைப்பாடும் இல்லை. சரி ரெண்டுக்கு ஒண்டில தோத்தால்? அதைப் பொறுத்துக்கொள்ளுவான். அதையே இருபதுக்குப் பத்து எண்டு காட்டினா பொறுக்கமாட்டான், இருபது எவ்வளவு பெரிசு பாருங்கோ எண்டுறான். ரெண்டும் ஒரே கணக்கு. இதில மையர் சனத்துக்கு கணக்குப் படிப்பிக்கப் போகேல்ல, கேமின்ர கணக்கைத்தான் சனத்தின்ர மனசுக்கு ஏத்த மாதிரி மாத்தினார். பஸ் ஸ்ராண்டில லொத்தர் எடுக்கிற ஆக்களும் இப்பிடித்தான், நேத்து விழேல்ல எண்டா இண்டைக்கு விழத்தானே வேணும் எண்டு நிப்பினம்.

காந்தி கதையைச் சொல்லாமல் விட்டா சண்டைக்கு வருவீங்கள். முதல் சிவிலைசேஷனில இந்தியாவின்ர தலைவரா வாற காந்தியின்ர கோப எண் 1 எண்டும், ஜனநாயகத்துக்கு மாறினா அதில ரெண்டு குறைஞ்சு, பூச்சியத்துக்குக் கீழ போக இடமில்லாமல் உச்ச எண்ணான 255-க்குச் சுத்தி வந்து, அணுகுண்டு போடுவார் எண்டும் எல்லா வாட்ஸப் குரூப்பிலயும் வருது. அப்பிடி ஒரு பிழை இருக்கேல்ல எண்டு மையர் 2020-ல வந்த தன்ர நினைவுக் குறிப்புப் புத்தகத்தில மறுத்திருக்கிறார். இந்தக் கதை பரவினது 2012-க்குப் பிறகுதான். உண்மையில காந்திக்கு குண்டில ஆசை வச்சது ஐந்தாம் பதிப்பில, அதும் டிசைனர் ஜொன் ஷேஃபர் வேணுமெண்டே பகிடிக்கு வச்சது. அனுப்பிறதை நிப்பாட்டுங்கோ.

ஷேஃபர் எண்ட பேர் வந்தபடியால் சொல்லுறன், பெட்டியில மையர் பேர் இருந்தாலும் முதலாவதுக்குப் பிறகு வந்த பெரிய பதிப்புகளை அவர் டிசைன் செய்யேல்ல. ரெண்டாவது பிரையன் ரெய்னோல்ட்ஸ், நாலாவது சோரன் ஜோன்சன், அஞ்சாவது ஷேஃபர், ஆறாவது எட் பீச். தன்ர பிள்ளை மாதிரியான கேமை, கொஞ்ச வயசு ஆக்களிட்டக் குடுத்து, மாத்தக்கூடாது எண்டு பின்னுக்கு நிண்டு கையைப் பிடிக்காமல் விட்டது சின்ன விசயம் இல்லை. ஷேஃபர் மேப்பில ஒரு கட்டத்துக்குள்ள ஒரு படைதான் நிக்கலாம் எண்டு மாத்தி, சதுரக் கட்டத்தை அறுகோணமாக்கினார், பழைய ஆக்கள் குய்யோ முறையோ எண்டு கத்தினவை, இப்ப அது இல்லாமல் விளையாடமாட்டினம்.

2025 பெப்ரவரியில ஏழாவது வந்துது. அதில சோழர் இருக்கினம் எண்ட உடன எங்கட குரூப்பில ஒரே கொண்டாட்டம், கடல் வணிகமும் கப்பலும்தான் அவைக்கு பலம். தலைவர் வேற நாடு வேற எண்டு பிரிச்சபடியால் அசோகனை வச்சே சோழநாட்டை ஆளலாம், ஆரிட்டச் சொல்லி அழுறது. ஆனா கூடச் சண்டை வந்தது வேற ஒண்டுக்கு. சரித்திரத்தை மூண்டு காலமாப் பிரிச்சு, முதல் ரெண்டு காலமும் முடியேக்க நெருக்கடி வரும், பிறகு நீங்க வேற ஒரு நாகரிகத்தைத் தெரியோணும் எண்டுதான் கேம் வந்த நேரம் இருந்துது. சோழர் அப்ப நடுக்காலத்தில மட்டும்தான். மையர் 1991-ல வெட்டி எறிஞ்சாரே, எழும்புறதும் விழுறதும், அதை முப்பது வருசம் கழிச்சு வேற வழியால உள்ளுக்குக் கொண்டு வந்திருக்கினம், இந்தமுறை லோட் பண்ணித் தப்பேலாத மாதிரி. யோசனையாப் பாத்தா கெட்டித்தனம். விளையாடேக்க எனக்கு எரிச்சல். பாடுபட்டுக் கட்டின ராச்சியத்துக்கு இனி வேற பேர் எண்டா ஆருக்கு மனசு வரும்?

அதால நான் திரும்பவும் ஆறாம் பதிப்புக்கே போயிட்டன். அதில கண்டி இருக்கு, தனி நகர அரசா. திருமலை இல்லை. ஆனா நகரத்துக்குப் பேர் மாத்தலாம், அதால ஒவ்வொரு ஆட்டத்திலயும் நான் கட்டுற முதல் துறைமுக ஊருக்கு எங்கட பேர்தான். இந்தச் சனிக்கிழமை கடை அரைநாள், விளையாட விருப்பமான ஆக்கள் கீழ சொல்லுங்கோ, பைரேட்ஸும் கிடக்கு, அது எந்தப் பழைய லப்டொப்பிலயும் ஓடும்.